நூலகர் ஆக என்ன படிக்க வேண்டும்? ஏற்காட்டுக் காப்பியை வைத்து ஒரு விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மதியம், சேலத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பேரன் எங்கள் கல்லூரி மாணவன், அவன்தான் கூட்டி வந்திருந்தான். கவுன்டர் முன்னால் நின்று, "ஏம்மா, சேலம் ஜில்லாவைப் பத்திப் புஸ்தகம் இருக்குதா?" என்று கேட்டார். அப்போது எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பெண் உடனே எழுந்து போய், சேலத்தைப் பற்றி அலமாரியில் இருந்த மூன்று நூல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நல்ல சுறுசுறுப்பான பெண். பெரியவர் மூன்றையும் பொறுமையாகப் புரட்டினார். இரும்பாலை, மாம்பழம், ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு எல்லாம் அதில் இருந்தன. "சரிம்மா, ரொம்ப நன்றி" என்று எழுந்துவிட்டார்.

தேடி வந்தது கிடைத்தவரின் முகம் வேறு மாதிரி இருக்கும். அதனால் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அய்யா, இதுல எந்த மாதிரி விஷயம் இருந்தா உங்களுக்கு உதவும்? கொஞ்சம் விரிவா சொல்லுங்களேன்" என்றேன். அப்புறம்தான் கதை வந்தது. அவருக்கு அரூர் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கு ஒரு ஏரி. அந்த ஏரி எவ்வளவு காலமாக இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்துக் காகிதம் ஒன்றில் "சேலம் ஜில்லா" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார்.

அரூர் இன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதற்கு முன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லா. எனவே தருமபுரி என்ற தலைப்பில் தேடினால் 1965-க்கு முந்தைய செய்திகள் கைக்கு அகப்படா. சேலம் என்று தேடினால் புதிய நூல்களில் அரூர் வராது. அவருக்கு வேண்டியது பழைய சேலம். 1883-ல் லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் என்ற மாவட்ட விவரத் தொகுப்பும் அந்தப் பெரிய சேலத்தைப் பற்றியவை. அவற்றைப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஓர் ஏரியின் விவரம் அவற்றில் இல்லாமல் போகலாம், அதற்கு நில அளவைப் பதிவுகளும் நிலவரியை முடிவு செய்த செட்டில்மென்ட் பதிவேடுகளும் வேண்டும், அவை நூலகத்தில் இருக்காது என்றும் சொன்னேன். சென்னை எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்தையும், ஆட்சியர் அலுவலகப் பதிவறையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேரனின் தோளைத் தட்டிக்கொண்டே போனார்.

நூலக அறிவியல் என்றால் என்ன, அதற்கு எதற்காகப் பட்டம், புத்தகத்தை எடுத்து அடுக்குவதற்கு ஒரு படிப்பா என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பெரியவரைப் பற்றித்தான் சொல்வேன். அந்தப் பயிற்சிப் பெண் செய்ததில் தவறே இல்லை. கேட்டதைக் கொடுத்தாள். ஆனால் வாசகர் வாயால் கேட்பதும் மனத்தில் தேடுவதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடைவெளியைத் தாண்டப் பழகுவதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று நான் நம்புகிறேன். வகைப்படுத்துதல், பட்டியலிடுதல், கணினி என்று மற்றவை எல்லாம் அதற்காகச் செய்யும் ஏற்பாடுகள்.

கேள்வியைக் கேட்பது எப்படி

ராபர்ட் டெய்லர் என்ற அமெரிக்க அறிஞர் 1968-ல் இதைத் தெளிவாக எடுத்து எழுதினார். ஒருவருக்குள் ஒரு தேவை முதலில் சொல்லத் தெரியாத ஓர் உறுத்தலாக இருக்கிறது. அப்புறம் மனத்துக்குள் மங்கலாக ஒரு வடிவம் எடுக்கிறது. மூன்றாவதாகத் தெளிவான கேள்வியாகிறது. நான்காவது நிலையில், "இந்த நூலகத்தில் எது கிடைக்கும், இவர்களிடம் எப்படிக் கேட்டால் புரியும்" என்று அவரே யோசித்து, அதற்கேற்றபடி கேள்வியை வெட்டிச் சுருக்கிக் கேட்கிறார். நம் காதில் விழுவது இந்த நான்காவதுதான். அதிலிருந்து பின்னோக்கி நடந்து முதல் இரண்டு நிலைகள் வரைக்கும் போய் வர வேண்டும்.

ஒரு நர்சிங் மாணவி வந்து "மேடம், சுகர் புக் இருக்கா?" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் பற்றிய தடித்த பாடநூலைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு உண்மையில் வேண்டியது வயதானவர்களின் காலில் வரும் புண்ணை எப்படிப் பராமரிப்பது என்பதாக இருக்கலாம். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டிய ஐந்து பக்க எழுத்து வேலைக்காக இருக்கலாம். இரண்டு கேள்வி கேட்டால் இது வெளியே வந்துவிடும்.

எந்த இரண்டு கேள்வி என்பதில்தான் பயிற்சி இருக்கிறது. "எதுக்கு வேணும்?" என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் அது விசாரணை போல ஒலிக்கும். வழக்கு, நோய், கடன், மணமுறிவு என்று எதை எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "இதுவரைக்கும் எங்கெல்லாம் பார்த்தீங்க?", "எது கிடைச்சா வேலை முடியும்?" என்று கேட்டால், எவ்வளவு சொல்லலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். சொன்னது எதையும் இன்னொருவரிடம் நாம் சொல்லக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். யார் எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் நடுவில் மட்டும் நிற்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அங்கே இந்த வாய்க்கட்டு பெரிய மருத்துவமனையில் இருக்க வேண்டிய அளவுக்கு முக்கியம்.

ஒரு கணக்கு வாத்தியார்

இதைப் படிப்பாகச் சொல்லித்தர முடியும் என்று நம் ஊரில் நிறுவியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. மாணவர்கள் நடுவில் இருந்து பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. திரும்பக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகள் கையில் புத்தகம், தொழிலாளி கையில் புத்தகம், கேட்டதும் எடுத்துத் தரப் பயிற்சி பெற்ற ஆட்கள். 1925-ல் திரும்பியவர் பிறகு நூலகத்தை விட்டுப் போகவே இல்லை.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1929-ல் அந்தச் சங்கமே நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பை ஆரம்பித்தது. பிறகு அது பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், 1937-ல் பட்டதாரிகளுக்கான பட்டயப் படிப்பானது. நடுவில், 1931-ல், ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி. இவ்வளவுதான். மூன்றாவது விதியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். வாசகர் தேடி வரும் வரை நூல் காத்திருந்தால் போதாது, அந்த நூலுக்கு யார் வாசகர் என்று நாம் தேடிப் போக வேண்டும் என்கிறது. பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத ஒரு நல்ல நூல் அலமாரியில் இருந்தால், குறை நூலகர் மேல்தான்.

அவர் பாடுபட்டதன் பயனாக 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஆக, சேலத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாவட்ட மைய நூலகத்துக்கும் கிளை நூலகங்களுக்கும் பணம் கட்டுகிறவர்தான். உள்ளே போகத் தயங்க வேண்டியதே இல்லை.

காப்பியை எங்கே வைப்பது

சரி, இப்போது வகைப்படுத்துதலுக்கு வருவோம். படிக்கச் சேருகிறவர்கள் மிகவும் பயப்படும் பாடம் இது. எனக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை அங்கே நடவைத்தார் என்பார்கள். இப்போது உங்கள் கையில் "காப்பி" என்று மட்டும் தலைப்பிட்ட நான்கு நூல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாமா?

மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையில் அறிவு முழுவதும் 10 பெரும் பிரிவுகளாக நிற்கிறது. 600 என்றால் தொழில்நுட்பம். அதற்குள் 630 வேளாண்மை. 633 வயல், தோட்டப் பயிர்கள். 633.7-ல் தேயிலை, காப்பி, கோகோ போன்றவை சேர்ந்து நிற்கும். 633.72 தேயிலை, 633.73 காப்பி, 633.74 கோகோ. ஒவ்வோர் எண்ணாக உள்ளே போகப் போகப் பொருள் குறுகிக்கொண்டே வருகிறது. ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போவது போல. ஒவ்வொரு வளைவிலும் பார்வைக்குத் தெரியும் இடம் மாறுகிறது.

முதல் நூல் காப்பிச் செடியை எப்படி வளர்ப்பது என்பது. அது 633.73. இரண்டாவது, கொட்டையைப் பதப்படுத்துவது, வறுப்பது, தூளாக்குவது பற்றியது. அது பயிர் இல்லை, உற்பத்தித் தொழில். 663.93-க்குப் போகும். மூன்றாவது, உணவுப் பொருளாகக் காப்பியைப் பற்றிப் பேசுவது. அது 641.3373. நான்காவது, காப்பி விளைச்சலின் பொருளாதாரம். அது 338.17373, சமூக அறிவியல் பகுதியில். 338.17373-ன் கடைசியைப் பாருங்கள். 633.73-ல் இருந்த 373 அங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஒரு சொற்றொடர்.

தலைப்பை மட்டும் பார்த்து இதைச் செய்ய முடியாது. முன்னுரை, பொருளடக்கம், சில நேரம் நடுப்பக்கங்கள் வரை படித்துப் பார்த்து, இந்த நூல் எதைப் பற்றியது, யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தேடி வந்தால் அவருக்குக் காப்பிக்குப் பக்கத்தில் மிளகும் வேண்டும். ஏனென்றால் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக் கொடி ஏறுகிறது. மிளகு 633.84. கை நீட்டினால் எட்டும் தூரம். வகைப்படுத்தல் நன்றாக இருந்தால் வாசகர் கேட்காத நூலும் அவர் கண்ணில் படும்.

டூயி முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இலக்கியத்துக்கு 800 முதல் 899 வரை இடம். அதில் 810 முதல் 880 வரை முழுக்க ஐரோப்பிய, அமெரிக்க இலக்கியங்கள். மிச்சமுள்ள உலகம் முழுவதும் 890-க்குள் நெருக்கி உட்கார வேண்டும். சங்கப் பாட்டிலிருந்து நேற்று வந்த நாவல் வரைக்கும் தமிழுக்குக் கிடைத்தது 894.811 என்ற ஒரு மூலை. தமிழ் நூல்களே நிறைந்த நூலகத்தில் இதனால் முதுகில் ஒட்டும் எண் நீண்டுகொண்டே போகும். ஒரு வகைப்பாட்டைப் படிக்கும்போது, அதைச் செய்தவர் எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்த்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அரங்கநாதன் வேறு வழியில் யோசித்தார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில துண்டுகளும் திருகாணிகளும்தான். ஆனால் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-ல் கோலன் பகுப்பு முறை வந்தது. எந்தப் பொருளையும் ஆளுமை (மையமான பொருள்), பருப்பொருள் (அது எதனால் ஆனது), ஆற்றல் (அதில் நடக்கும் செயல்), இடம், காலம் என்ற ஐந்து கோணங்களில் அவர் பிரித்துப் பார்த்தார். "1990-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைத் தாக்கிய தண்டுத் துளைப்பான்" என்று ஓர் அறிக்கை வருகிறது என்றால், காப்பி ஆளுமை, தாக்குதல் ஆற்றல், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இடம், 1990-கள் காலம். எல்லாப் பொருளுக்கும் ஐந்தும் இருக்க வேண்டும் என்பதில்லை, இங்கே பருப்பொருள் இல்லை. நீங்கள் கைப்பேசியில் கொலுசு வாங்கும்போது எடை, விலை, வடிவம் என்று ஒவ்வொன்றாகத் தட்டி வடிகட்டுகிறீர்களே, அதுவும் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து வைக்கும் இதே எண்ணம்தான்.

ஒரே ஆள், பல பெயர்

பட்டியலிடுதல் என்ற அடுத்த பாடம் வெளியே இருந்து பார்த்தால் சலிப்பாகத் தெரியும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, பக்கம் என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? தமிழில் வேலை செய்தால்தான் தெரியும்.

சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் நகராட்சித் தலைவரானவரை எடுத்துக்கொள்வோம். ராஜாஜி, இராஜாஜி, சி. ராஜகோபாலாச்சாரி, சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் என்று நூலுக்கு நூல் பெயர் மாறும். கணினிக்கு இவர்கள் நான்கு ஆட்கள். வாசகர் ஒரு பெயரில் தேடினால் மற்ற மூன்றும் ஒளிந்துகொள்ளும். எனவே ஒன்றை முதன்மைப் பெயராக முடிவு செய்து, மற்றவற்றை அதோடு கட்டிவிட வேண்டும். எதில் தேடினாலும் எல்லாம் வரும். இதைத் தொழிலில் அத்தாரிட்டி கோப்பு என்போம். மலையின் பெயரும் அப்படித்தான். சேர்வராயன், சேர்வராயர், ஷெவராய் என்று மூன்றுமே புழக்கத்தில் இருக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கல். மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், ஆசிரியரை அவருடைய அப்பா பெயரில் தேட வேண்டி வரும்.

எழுத்து இன்னும் நுட்பமானது. "ஔவையார்" என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாகவும் தட்டலாம். ஒ, ள என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. துணைக்காலுக்குப் பதில் ர-வைத் தட்டினாலும் இதே கதை. ஒருமுறை ஔவையார் நூல்கள் எங்களிடம் இல்லை என்றே ஒரு மாணவனிடம் சொல்லிவிட்டேன். அலமாரியில் ஏழு இருந்தன. அன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகத் திருத்தியது இன்னும் நினைவில் இருக்கிறது.

2000-க்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்த பட்டியல்கள் பல, ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லாமல் அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியீட்டில் இருக்கின்றன. எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் குப்பை எழுத்துகளாகத் தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதைக் கண்ணால் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் இன்றைக்கும் தமிழ் நூலகங்களுக்கு வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வருகிறவருக்கு வேலை நிச்சயம் இருக்கும் என்று சொல்லத் துணிகிறேன்.

கணினி, கரையான், பூஞ்சை

கணினிப் பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், பழகினால் வந்துவிடும். நூலகத்துக்கான இலவசத் திறமூல மென்பொருளாக கோஹாவைக் கற்றுக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் பிறந்தது. அந்தச் சொல்லுக்கு மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் நடுவம் உருவாக்கிய சோல் மென்பொருளும் நம் கல்லூரிகளில் பரவலாக உண்டு. நூல் விவரத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மார்க் 21 என்ற பொது வடிவம் இருக்கிறது. அதில் 245 என்றால் தலைப்பு, 100 என்றால் ஆசிரியர், 020 என்றால் பன்னாட்டு நூல் எண். ஆய்வேடுகளைத் தேட சோத்கங்கா, பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மருத்துவக் கட்டுரைகளுக்கு பப்மெட். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் சேர நினைப்பவர், நோயாளி "மாரடைப்பு" என்பதை மருத்துவ அகராதி எந்தச் சொல்லால் குறிக்கிறது என்று தேடிப் பழக வேண்டும். அதற்கென்றே மெஷ் என்ற சொற்பட்டியல் இருக்கிறது.

இப்போது மாணவர்கள் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலோடு வருகிறார்கள். அதில் சில கட்டுரைகள் உலகத்தில் எங்கேயும் இல்லாதவை. இதழின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொன்றையும் இதழின் தளத்தில் போய்ப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று காட்டித் தருவது எங்கள் வேலையில் சேர்ந்துவிட்டது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலமும் ஏற்காடும் ஒரு மணி நேரப் பயண தூரம்தான். ஆனால் புத்தகத்துக்கு இரண்டும் வேறு நாடுகள். கீழே வெயில். அமிலம் கலந்த பழைய தாள் காய்ந்து, விரல் பட்டால் உடையும். கரையான் சுவர் வழியாக ஏறும். மேலே 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனி சன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். மலையில் ஒரு பள்ளி நூலகத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அழகான அலமாரியில் பூட்டி வைத்திருந்த நூல்கள் மழைக்காலம் முடிந்தபோது வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பூட்டியதுதான் காரணம். காற்றோட்டம் இல்லை. சுவரிலிருந்து அலமாரியைத் தள்ளி வைப்பது, நூல்களை இறுக்கித் திணிக்காமல் இருப்பது, ஈரமானியை வாங்கி மாட்டித் தினம் குறித்து வைப்பது என்று செலவு குறைந்த வழிகள் நிறைய இருக்கின்றன. ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த நம் பாட்டன்மாருக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கிருந்து தொடங்குவது

பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்கள் ஓராண்டு இளநிலை நூலக, தகவல் அறிவியல் படிப்பில் சேரலாம். தமிழ் இலக்கியம், இயற்பியல், வணிகவியல் எதுவாக இருந்தாலும் சரி. சொல்லப்போனால் வேறு துறையிலிருந்து வருவது நல்லது. அந்தத் துறையின் சொற்கள் உங்களுக்குத் தெரியும். பிறகு முதுநிலை. சேலத்திலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் துறை இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியாக நடத்துகிறது. கல்லூரி நூலகர் ஆக முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சியும் கேட்பார்கள். பொது நூலகத் துறையின் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது.

"எனக்குப் புத்தகம் படிக்க ரொம்பப் பிடிக்கும், அதனால இதுல சேரலாம்னு இருக்கேன்" என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் ஒரு விஷயத்தை மென்மையாகச் சொல்வேன். பணி நேரத்தில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது. பிறர் படிப்பதற்காக ஓடிக்கொண்டிருப்பீர்கள். காவலர் தேர்வுக்கும் குரூப் 4-க்கும் படிக்கிற பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கு எந்தப் பாடத்திட்டம் மாறியது, பழைய வினாத்தாள் எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தரும் நிறைவு வேறு மாதிரி. வேலை கிடைத்தது என்று சொல்லி இனிப்போடு வந்து கவுன்டரில் நிற்பவர்களைப் பார்த்த பிறகு எனக்கு இந்தத் தொழிலைத் தவிர வேறொன்று தோன்றவில்லை.

சேருவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். டூயி எண் ஒட்டிய நூல்கள் இருக்கும் ஏதாவது ஒரு கல்லூரி நூலகத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள். கண்ணில் பட்ட பத்து நூல்களை எடுத்து, முதுகில் இருக்கும் எண்ணைத் தாளால் மறைத்துவிடுங்கள். முன்னுரையையும் பொருளடக்கத்தையும் மட்டும் படித்து, ஒவ்வொன்றும் பத்துப் பெரும் பிரிவில் எதில் வரும் என்று எழுதி வையுங்கள். அப்புறம் தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் எண்ணும் அந்த எண்ணும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அந்த நூலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய், ஏன் இங்கே வைத்தீர்கள் என்று அங்கிருக்கும் நூலகரிடம் கேளுங்கள்.